மெழுகு வைக்காத சொல்

நலம் பெருகுக. ஏழு கழிகளிலும் நீர் நிறைக. உப்பும் நெல்லும் குறைவின்றி விளைக. கலம் ஏறிப் போனவர் கரை சேர்க. கரையில் காத்திருப்பவர் கவலையின்றி உறங்குக.

ஏழ்கழி நாடுடைய, வெண்சங்குக் கொடியுடைய, மணற்கோட்டை அரியணையில் வீற்றிருக்கும் கோப்பெருமகள் அருங்கலச்செல்வி விடுக்கும் ஓலை. இதனைப் புன்னைவாயில் நகரின் காவலரும், கடல்வாணிகர்க்கு நிழலும், நம் தந்தையார் காலந்தொட்டு நம் குடிக்கு உற்ற துணையுமான நெடுங்கழி நாடாள்வார் கோளரிநாதர் கண்டு மனங்கொள்க. நும் மாளிகையில் அனைவரும் நலம் என்று தூதுவர் வழி அறிந்து மகிழ்ந்தோம். நும் மகளார்க்குப் பிறந்த பெண்மகவுக்கு நம் வாழ்த்தைச் சொல்க. நும் முழங்கால் வலிக்கு அரண்மனை மருத்துவர் காய்ச்சிய தைலம் இத்துடன் வருகிறது. அதைப் பேழையில் வைத்து அழகு பார்க்காமல் நாள்தோறும் தேய்த்துக்கொள்க.

நிற்க. நீர் விடுத்த முறையீட்டோலை வந்து சேர்ந்தது. நும் நகரத்துக் கதைமன்றத்தில், குடிகள் குடும்பத்தோடு அமர்ந்திருந்த வேளையில், நம் பெயரோடு சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை உரக்க வாசிக்கப்பட்டது என்றும், அதற்குக் காரணமான மைச்சாலைத் தலைவர் மருதவாணரின் வலக்கைப் பெருவிரலை வெட்ட வேண்டும் என்றும், அந்தக் கதையை எழுதிய சிவந்தி என்பவளை எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும் என்றும், ஏட்டை நாற்சந்தியில் எரிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அந்த வார்த்தை எது என்று மட்டும் எழுதவில்லை. கை கூசுகிறது என்று எழுதியிருந்தீர். நும் கை கூசியதால் நமக்கு வேலை கூடிற்று. மருதவாணரை அவைக்கு அழைத்து, ஒரு பகற்பொழுது முழுவதும் எதிரே அமர்த்தி, நடந்ததை அவர் வாயாலேயே கேட்டோம். கதை வாசித்த நாவரசரையும் வரவழைத்துக் கேட்டோம். அவர்கள் சொன்னதையே இங்குச் சொல்கிறோம். பேசியவர் பேசிய வாய்மொழியிலேயே எழுதுக என்று நம் ஓலைநாயகத்துக்குக் கட்டளையிட்டோம்; அவர் முகம் சுளித்தார். சுளித்த முகத்தோடேயே எழுதிக்கொண்டிருக்கிறார்.

மைச்சாலையின் வழக்கத்தை நீர் அறிவீர். ஆயினும் இவ்வோலை மன்றத்தில் வாசிக்கப்பட வேண்டியது ஆதலின், சிறுபிள்ளைக்கும் விளங்கும்படி அதைச் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் கதை எழுதுபவர் யாராயினும், எழுத்தாணியால் கீறிய ஏட்டை முதலில் மைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். வெறுமனே கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஏட்டின்மேல் தேய்த்துத் துடைத்தால்தான், கீறலுக்குள் கரி தங்கி எழுத்து கறுத்து எழும். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் மட்டும் மருதவாணர் முதலில் தேன்மெழுகைத் தேய்த்துக் கீறலை அடைத்துவிடுவார். அடைத்த இடத்தில் கரி ஏறாது. அது வெளிறிக் கிடக்கும். மன்றத்தில் ஏடு வாசிப்பவர் வெளிறிய இடம் வந்ததும் கைமணியை ஒருமுறை அடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார். கறுத்ததை வாசிக்க வேண்டும், வெளுத்ததற்கு மணி அடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். எழுதியவர் மனமும் நோகாது, கேட்பவர் காதும் கூசாது என்று நம் முன்னோர் எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

காது கூசுவது என்பதைப் பற்றி மருதவாணர் சொன்னதை நீர் கேட்டிருக்க வேண்டும். மணிச்சத்தம் கேட்டாலே எழுந்து வீட்டுக்குப் போகிறவர் உண்டாம். மணிச்சத்தத்துக்காகவே வருகிறவரும் உண்டாம். அவர்கள் இன்றைக்கு எத்தனை மணி என்று வாசலிலேயே விசாரித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்களாம். ஏட்டை இரவல் வாங்கிப்போகும் வீடுகளில் கொண்டையூசியால் மெழுகைச் சுரண்டிப் படித்துவிட்டு, மறுபடி மெழுகு வைத்துத் திருப்பித் தருவார்களாம். சில வீட்டார் வைத்த மெழுகு தாம் வைத்ததை விட நேர்த்தி என்று மருதவாணர் ஒப்புக்கொண்டார். நும் நகரத்துப் பள்ளி ஆசான் ஒருவர், மணி அடிக்கும்போதெல்லாம் தாம் வாழ்நாளில் நினைத்தே இராத வார்த்தைகள் எல்லாம் மனத்தில் வந்து நிற்பதாகவும், ஆகவே மணியையும் நிறுத்த வேண்டும் என்றும் மைச்சாலைக்கு எழுதினாராம். எழுதியவர் சும்மா விடாமல், வந்து நின்ற வார்த்தைகளையும் வரிசையாகக் கீழே எழுதி அனுப்பினாராம். அந்த ஓலைக்கு மெழுகு போதவில்லை என்று மருதவாணர் சொன்னபோது நம் அவை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மீன் விற்கும் பெண்கள் ஒருநாள் மைச்சாலை வாசலுக்கே வந்து சண்டை போட்டார்களாம். “நாங்க விடிஞ்சதுலேருந்து பேசுறதுக்கு எவன் மணி அடிச்சான்? கதையில வந்தா மட்டும் காது கூசுதா? எங்க பேச்சை எழுதுனா எங்க பேச்சா எழுதணும். பாதியை மெழுகு வெச்சு அடைச்சுட்டா, அது எங்க கதை இல்ல, மணியோட கதை” என்று கேட்டார்களாம். இவர்களில் யார் சரி என்று மருதவாணர் ஒருநாளும் யோசித்ததில்லை. வசைகளை அடைத்து அடைத்து, எந்தச் சொல்லும் அவரை ஒன்றும் செய்யாமற்போய்விட்டது. சாயம் தோய்ப்பவன் மூக்குக்குச் சாயத்தின் வாடை தெரியாதே, அப்படித்தான். மையிடாத ஏட்டை அவர் கண்ணால் படிப்பதுகூட இல்லை. வலக்கைப் பெருவிரலால் கீறலைத் தடவிக்கொண்டே போவார். விரல் நிற்கும் இடத்தில் மெழுகு வைப்பார். நீர் வெட்டக் கேட்ட விரல் அதுதான்.

மருதவாணர்க்கும் அவர் மனைவி அங்கம்மைக்கும் ஒரே மகன். பூவணன் என்று பெயர். ஊரார் வாயையெல்லாம் கழுவுகிற மனிதரின் வீட்டில், அந்த மகனுடைய வாயில் எப்போதும் ஒரு சொல். சோறு சூடாக இருந்தாலும் அதே சொல், மழை பெய்தாலும் அதே சொல், செருப்பு அறுந்தாலும் அதே சொல். அது எந்தச் சொல் என்பது பின்னால் வருகிறது. இப்போதே கேட்டு நாடாள்வார் துடித்து எழ வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது. மகனைத் திருத்த மருதவாணர் மைச்சாலைக் கைமணி ஒன்றைக் கொண்டுவந்து அடுக்களை நிலையில் தொங்கவிட்டார். அவன் அச்சொல்லைச் சொன்னால் அவர் மணியை அடிப்பார். கொஞ்ச நாளில் அது விளையாட்டாகிவிட்டது. பையன் சொல்லிவிட்டுத் தானே ஓடிப்போய் மணியை அடித்துவிட்டு வருவான், அங்கம்மை சிரிப்பாள், மருதவாணரும் சிரித்துவிடுவார்.

வளர்ந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. பூவணனுக்குப் பெண் கொடுக்க நல்ல குடும்பத்தார் வந்திருந்தனர். பேச்செல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றும் தறுவாயில், பையன் கைதவறிப் பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டு, பழக்கத்தில் அச்சொல்லை அங்கேயே சொல்லிவிட்டான். வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போயினர். அன்றுமுதல் மருதவாணர் மகனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கரும்பாறைத் துறைக்கு நம் படை புறப்பட்டபோது பூவணனும் புறப்பட்டான். தகப்பனார் வாசலுக்கு வந்து, “போற இடத்துலயாவது வாயை அடக்கிப் பேசு” என்று மட்டும் சொன்னார். பையன் உள்ளே போய் மணியை அடித்துவிட்டு வந்து, “இனிமே சொல்லப்போறதுக்கெல்லாம் சேர்த்து அடிச்சுட்டேம்ப்பா” என்றானாம்.

கரும்பாறைத் துறையில் நடந்ததை நீர் அறிவீர். ஆற்றைக் கடக்கக் கூடாத நேரத்தில் கடந்தனர். போனவரில் பலர் திரும்பவில்லை. பூவணனும் திரும்பவில்லை.

போரில் மாய்ந்தவர் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து இறுதிமொழி கூறுவோன் போவது நம் வழக்கம். அவன் வாசலில் நின்று, மாய்ந்தவர் கடைசியாகச் சொன்ன சொல் இது என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவான். ‘அரசி வாழ்க, சங்குக்கொடி வாழ்க’ என்பதே அச்சொல். எல்லா வீட்டுக்கும் அது ஒன்றுதான். மருதவாணர் தெருவில் அன்று காலை பல வாசல்களில் அவன் அதையே கூவினான். அவர் வாசலிலும் கூவினான். அவர் நின்று கேட்டார். வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்தார். பிறகு மைச்சாலைக்குப் போய்ப் பாதியில் விட்டிருந்த ஏட்டை எடுத்து மையிட்டார். அழவில்லை. அன்று அழவில்லை என்பது மட்டுமில்லை, பிறகும் அழவில்லை. உண்டார், உறங்கினார், மெழுகு வைத்தார். கல்நெஞ்சக்காரர் என்று அக்கம்பக்கத்தார் பேசினர். அந்தப் பேச்சும் அவர்க்குக் கேட்டது, கேட்டு ஒன்றும் ஆகவில்லை. “பையன் செத்தது தெரியும், தாயே. தெரிஞ்சது உள்ள போகல” என்று நம்மிடம் சொன்னார்.

அங்கம்மையின் நிலை வேறு. இறுதிமொழியைக் கேட்டதும் அவள் தலையை ஆட்டினாளாம். “அது என் புள்ள பேச்சு இல்லையே. அரசி வாழ்கவாம், கொடி வாழ்கவாம். அவன் எந்தக் காலத்துல இப்படிப் பேசுனான்? வேற யாரோ செத்திருக்கான் பாவம். என் புள்ள எங்கயோ இருக்கான், வருவான்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அதிலிருந்து வேளை தவறாமல் மகனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். சோறு ஆறும்வரை காத்திருந்து, ஆறிய சோற்றை எடுத்துக் காக்கைக்கு வைத்தாள். மருதவாணர் அந்தத் தட்டுக்கு எதிரில் அமர்ந்து தம் சோற்றை உண்டார். அவளிடம் சொல்லிப் புரியவைக்க அவர் கையில் இருந்ததும் அந்தக் கூவல் ஒன்றுதான்.

இப்படி இருக்கையில்தான் சிவந்தியின் ஏடு மைச்சாலைக்கு வந்தது. சிவந்தி நம் படையோடு தண்ணீர் சுமந்து போனவள். துறையில் விழுந்தவர்களுக்கு இடையே குடத்தோடு நடந்தவள். ஊர் திரும்பியதும் எழுத்தாணியைப் பிடித்து, தான் கண்டதைத் ‘துறைக்கரைக் கதை’ என்று கதையாக எழுதினாள். பெயர்களை மாற்றியிருந்தாள். மற்றபடி ஒன்றையும் மாற்றவில்லை.

மருதவாணர் வழக்கம்போல் இடக்கையில் மெழுகுருண்டையை வைத்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலால் தடவிக்கொண்டு போனார். போர்க்கதை ஆதலால் மெழுகுக்கு வேலை நிறைய இருந்தது. நடுவில் ஓரிடத்தில், பல்லிடுக்கில் சீழ்க்கை அடிக்கும் ஒரு பையன் தண்ணீர்க்காரியிடம் பேசுகிறான். “எங்க வீட்டுல ஒரு மணி இருக்குக்கா. நான் இப்படிப் பேசுனா எங்கப்பா அதை அடிப்பாரு. ஊருக்குப் போனதும் காது கிழிய அடிக்கப்போறாரு” என்கிறான். விரல் அங்கே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்த்தார். நாட்டில் மைச்சாலைக்கு வெளியே கைமணி தொங்கும் அடுக்களை வேறு எங்கும் இல்லை என்பது அவர்க்குத் தெரியும்.

அதற்குப் பின் வந்ததை ஏட்டில் உள்ளபடியே தருகிறோம்.

‘பையன் சேற்றில் கிடந்தான். வயிற்றிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. படைத்தலைவர் குனிந்து, அரசி வாழ்க என்று சொல்லப்பா, வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார். பையன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, “ராணியாவது மயிராவது! தண்ணி குடுக்கா” என்றான். கொடுத்தேன். பாதி குடித்தான். மீதியை அடுத்தவனுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினான்.’

நாடாள்வாரே, நும் கை கூசிய சொல் இதுதான். நம் ஓலைநாயகத்தின் கையும் கூசிற்று; எழுதியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

மருதவாணர் மெழுகுருண்டையைக் கீழே வைத்தார். கரியைத் தொட்டு, அந்தச் சொல்லின்மேல் தேய்த்து, துணியால் துடைத்தார். சொல் கறுத்து எழுந்தது. அதைக் கண்ணால் பார்த்தார். “எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணல, தாயே. அழுகை வரல, கோவம் வரல. கைதான் மெழுகு வைக்க மாட்டேன்னுது. அவன் குரல் உலகத்துல மிச்சம் இருக்கறது அந்த ஒரு இடத்துலதான். அதையும் அடைச்சா, செத்தவனுக்கு நானே மணி அடிச்ச மாதிரி” என்று நம்மிடம் சொன்னார். தவறு செய்தோம் என்று உணர்ந்தாரா என்று அவையோர் கேட்டனர். செய்தது தவறுதான், மறுபடி ஏடு வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று தலை நிமிராமல் மறுமொழி சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அங்கம்மையிடம் அந்த வரியைச் சொல்லிக் காட்டினார். மனைவி முன் அவர் அச்சொல்லை உச்சரித்தது வாழ்நாளில் அதுவே முதல்முறை. “இது அவன்தான்” என்றாளாம். பிறகு வீடே அதிரும்படி அழுதாளாம். இறுதிமொழி கூறுவோன் வந்துபோன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழுதது அன்றுதான். அழுது முடித்ததும் எழுந்துபோய், மகனுக்கு வைத்திருந்த தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஏடு மன்றத்துக்குப் போகும், அங்கே உரக்க வாசிக்கப்படும் என்பது மருதவாணர் நினைவிலேயே இல்லை. அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதற்கெல்லாம் வழக்கப்படி மெழுகு வைத்து, கட்டி, முத்திரையிட்டு அனுப்பிவிட்டார். நும் மன்றத்தில் நாவரசர் வாசித்தார். அவர் குரல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும் குரல். கறுத்ததை வாசிக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் மறந்ததே இல்லை. முன்கூட்டிப் பார்த்து வாசிக்கும் பழக்கமும் அவர்க்கு இல்லை. நம்மையும் அச்சொல்லையும் சேர்த்துக் கணீரென்று வாசித்துவிட்டார். சொன்ன பிறகுதான் அவர்க்கே உறைத்தது. உடனே பதறிப்போய் மணியைத் தேடி எடுத்துப் பலமாக அடித்தாராம். ஆகக்கூடி, சொல்லும் போயிற்று, அதற்கு ஊரைக் கூட்டி மணியும் அடித்தாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததை நீரே விரிவாக எழுதியிருந்தீர். பெரியோர் எழுந்து நின்று கூச்சலிட்டனர் என்றும், இளைஞர் சிலர் கைதட்டினர் என்றும், ஏட்டைக் கொளுத்துக என்று குரல் எழுந்தது என்றும், பள்ளி ஆசான் மயங்கி விழுந்தார் என்றும் எழுதியிருந்தீர். விழுவதற்கு முன் அவர் மேலாடையைக் கீழே விரித்துக்கொண்டார் என்று அருகிலிருந்தவர் சொல்கின்றனர். மன்றத்தை விட்டு எல்லாரையும் வெளியேற்றினேன் என்று நும் ஓலையை முடித்திருந்தீர்.

எல்லாரும் வெளியேறவில்லை. அதை நீர் எழுதவில்லை. நாவரசர் சொல்லித்தான் அறிந்தோம். தூண்களின் ஓரத்தில் அமர்ந்திருந்த பெண்கள் சிலர் எழுந்திருக்கவே இல்லை. நும் காவலர் அதட்டியும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கரும்பாறைத் துறைக்கு ஆளை அனுப்பிவிட்டு, நம் ஆள் வந்து கூவிய சொல்லைக் கேட்டு, அதோடு இருந்தவர்கள். அவர்களுள் ஒருத்தி எழுந்து நாவரசர் அருகே வந்தாளாம். “ஐயா, அந்தத் தண்ணிக்கார அக்கா எங்க இருக்காங்க? எங்க வீட்டுக்காரரும் அங்கதான் விழுந்தாரு. அவரு ஏதாவது சொன்னாரான்னு கேக்கணும். கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவால்ல, ஐயா” என்றாளாம். அடுத்தவளும் அதையே கேட்டாளாம். அதற்கு அடுத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாளாம். நாவரசர் வாசித்தார். அந்த முறை மணி அடிக்கவில்லை.

நம்மை இகழ்ந்த சொல் என்று நீர் கொதித்தீர். அது நும் அன்பு, அதை மறவோம். நாம் கொதித்தோமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தோம். வாழ்க வாழ்க என்று காலையிலும் மாலையிலும் நம் காதில் விழுகிறது. எவர் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. துறையில் மாய்ந்த அத்தனை பேரும் சாகும்போது நம்மை வாழ்த்தினர் என்று நம் அவையில் வாசித்தபோது, நாம் அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். மருதவாணர் மோர் கொடுத்துவிட்டு மைச்சாலைக்குப் போனாரே, அதுபோல. மரத்துப்போன அந்தக் காதில் முதலில் உறைத்தது இந்தச் சொல்தான். சேற்றில் கிடந்தவனுக்கு அப்போது நாம் தேவைப்படவில்லை, தண்ணீர் தேவைப்பட்டது. அதைச் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் அவன் செத்தான் என்பது நமக்கும் தெரிந்தது. மற்றவர்களும் செத்தார்கள் என்பது அதன்பின் தெரிந்தது. நமக்கு வலித்தது, நாடாள்வாரே, மறைக்க ஒன்றுமில்லை.

ஆகவே நாம் இடும் கட்டளை இது. மருதவாணரின் விரலில் எவரும் கை வைக்கலாகாது. துறைக்கரைக் கதையை எரிக்கலாகாது. நும் மன்றத்திலேயே, அதே நாவரசரைக் கொண்டு, முதலிலிருந்து முடிவுவரை மீண்டும் வாசிக்க வேண்டும். அதற்கு முன்நாள், இக்கதையில் கடுஞ்சொற்கள் உண்டு, கேட்க விரும்பாதவர் வராதிருக்கலாம் என்று பறையறைந்து தெரிவிக்கவும். காது கூசுகிறவர்க்குக் கூச உரிமை உண்டு. அவரை எவரும் கேலி செய்யலாகாது, நாம் இவ்வோலையில் செய்ததே போதும். எழுந்து போகிறவர்க்கு வழிவிடுக. இருந்து கேட்கிறவரை அதட்டாதீர். இனி எந்த ஏட்டிலும், ஒரு மனிதர் தம் வாயால் சொன்ன சொல்லுக்கு மெழுகு வைப்பதா வேண்டாமா என்பதை எழுதியவரைக் கேட்டே மைச்சாலையார் செய்ய வேண்டும்.

சிவந்தியைத் துரத்தலாகாது. நும் மாளிகை வண்டியில் ஏற்றி, நும் காவலரைத் துணையாக்கி, துறையில் ஆளை இழந்த வீடுகளுக்கெல்லாம் அழைத்துச் செல்க. அவள் கேட்டதைக் கேட்டபடி சொல்லட்டும். கேளாததைக் கேட்கவில்லை என்றே சொல்லட்டும். நம் அரண்மனையிலிருந்து இறுதிமொழி கூறுவோன் இனி எந்த வாசலுக்கும் வரமாட்டான். அந்தப் பணியை நிறுத்திவிட்டோம்.

இவ்வோலையைக் கண்டதும் மன்றத்தைக் கூட்டி, தூணோரத்துப் பெண்களை முன்வரிசையில் அமர்த்தி, இதனை ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பிக்க வேண்டும். நம் பெயர் வரும் இடத்திலும், அதனோடு அச்சொல் வரும் இடத்திலும் நாவரசர் நிறுத்தாமல் வாசிக்கட்டும். அன்று மன்றத்தில் கைமணி இருக்கலாகாது.

இது நம் சொல். இதற்கு மாறு செய்வோர் நமக்கு மாறு செய்தோர் ஆவர். செய்வோர்க்கும், செய்விப்போர்க்கும், கேட்டு நிற்போர்க்கும் நலம் உண்டாகுக. வெண்சங்கு முத்திரை இட்டோம்.

எழுதியது நம் ஓலைநாயகம். எழுதிய இவ்வோலைக்குக் கரி தேய்த்து மையிட்டவர் மைச்சாலைத் தலைவர் மருதவாணர், தம் வலக்கைப் பெருவிரலால். அவர் அருகில் மெழுகும் வைத்திருந்தோம். அவர் அதைத் தொடவில்லை.